“இந்த வாக்கியம் பொய்”: தடை போட்டால் தீருமா?

கேள்வி இதுதான்: “இந்த வாக்கியம் பொய்” போன்ற புதிர்கள் வெறும் வார்த்தை விளையாட்டுதானே? ஒரு வாக்கியம் தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது என்று ஒரு விதி போட்டுவிட்டால் கதை முடிந்தது. கணிதத்துக்கு இதில் என்ன கவலை?

நியாயமான கேள்வி. கணிதத்தின் அடிப்படைகளை ஆராய்ந்த பெரிய ஆட்களே நூறு வருடங்களுக்கு முன்னால் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்தார்கள். ஆனால் அந்த விதியை உருப்படியாகப் போடவே முடியாது. போட்டால், எந்தத் தப்பும் செய்யாத வாக்கியங்களும் சேர்ந்து அடிபடும். அடிபட வேண்டிய வாக்கியமோ வேறு வழியாக உள்ளே வந்துவிடும். கூட்டலும் பெருக்கலும் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வழி திறந்தே இருக்கிறது. விஷயத்தின் சுவையே அதில்தான், எனவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் அடிப்படைப் புதிர். “இந்த வாக்கியம் பொய்” என்பது உண்மை என்று வைத்துக்கொண்டால், அது சொல்வது நடக்க வேண்டும். ஆக அது பொய். சரி, பொய் என்றே வைத்துக்கொள்வோம். அது தன்னைப் பொய் என்றுதானே சொல்கிறது, அது சரியாகிவிட்டதே; ஆக அது உண்மை. இரண்டு பக்கமும் கதவு அடைத்துக்கொள்கிறது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த யூபுலிடீஸ் என்ற கிரேக்கர் பெயரில் இது வழங்குகிறது. இதைச் சொல்லும்போது பலரும் எபிமெனிடீஸ் கதையைச் சொல்வார்கள்: கிரீட் தீவுக்காரரான அவர் “கிரீட்காரர்கள் எல்லோரும் எப்போதும் பொய்யர்கள்” என்றாராம். கவனித்தால், அதில் முழுமையான முரண்பாடு இல்லை. கிரீட்டில் யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். எபிமெனிடீஸ் சொன்னது சாதாரணப் பொய்யாகிவிடும், புதிரும் கலைந்துவிடும். யூபுலிடீஸின் வடிவம் அப்படிக் கலையாது.

இப்போது தடை விதியை எடுத்துக்கொள்வோம். “இந்த வாக்கியத்தில் நான்கு சொற்கள்.” எண்ணிப் பாருங்கள், சரியாக நான்கு. தன்னைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரு சட்டத்தின் முதல் பிரிவு “இந்தச் சட்டம் இன்ன தேதி முதல் நடைமுறைக்கு வரும்” என்று சொல்வதும் அதே வகைதான். தன்னைச் சுட்டுவதையே குற்றம் என்று சொன்னால் இவையெல்லாம் போய்விடும்.

சரி, தன்னைச் சுட்டும் வாக்கியங்களில் கெட்டவற்றை மட்டும் தடுக்கலாமே என்று தோன்றும். வாக்கியத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது கெட்டதா என்று சொல்ல முடியுமா? முடியாது என்பதை சால் கிரிப்கி 1975-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அழகாகக் காட்டினார். அவர் காட்டியதை என் உதாரணத்தில் சொல்கிறேன். ஒரு வழக்கில் இரண்டு சாட்சிகள். முதல் சாட்சி ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார்: “இரண்டாம் சாட்சி சொன்னதில் பாதிக்கு மேல் பொய்.” இரண்டாம் சாட்சி மூன்று வாக்கியங்கள் சொல்கிறார்: கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, முதல் சாட்சி சொன்னது உண்மை. இதில் எந்த வாக்கியமும் தன்னை நேராகச் சுட்டவில்லை. கதவும் மூடியிருந்தது, விளக்கும் எரியவில்லை என்றால் சிக்கலே இல்லை: மூன்றில் இரண்டு பொய், முதல் சாட்சி சொன்னது உண்மை, மூன்றாவது வாக்கியமும் உண்மை. ஆனால் கதவு திறந்திருந்து, விளக்கு மட்டும் எரியாமல் இருந்தால்? ஒன்று உண்மை, ஒன்று பொய் ஆகிவிட்டது. பாதிக்கு மேல் பொய்யா என்பது மூன்றாவது வாக்கியத்தைப் பொறுத்தது. மூன்றாவது முதல் சாட்சியைப் பொறுத்தது. முதல் சாட்சி சொன்னது உண்மையானால் மூன்றாவது பொய்யாக வேண்டும், மூன்றாவது பொய்யானால் முதல் சாட்சி சொன்னது உண்மையாக இருக்க முடியாது. யூபுலிடீஸின் முடிச்சே மறுபடியும் விழுந்துவிட்டது. அதே நான்கு வாக்கியங்கள்தான். முடிச்சு விழுமா விழாதா என்பதை ஒரு கதவு தீர்மானிக்கிறது. எந்த இலக்கண விதியால் இதைத் தடுப்பது?

“இந்த” என்ற சுட்டுச்சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அதை எடுத்துவிடலாம் என்பவர்களுக்கு அமெரிக்கத் தர்க்கவியலாளர் குவைன் ஒரு பதில் வைத்திருந்தார். தமிழில் வினை கடைசியில் வருவதால் அது இன்னும் இயல்பாகவே அமைகிறது. இதை மெதுவாகப் படியுங்கள்:

“என்ற தொடரை மேற்கோளுக்குள் எழுதி, பின்னாலேயே அதை மேற்கோள் இல்லாமல் எழுதினால், பொய்யான வாக்கியம் கிடைக்கும்” என்ற தொடரை மேற்கோளுக்குள் எழுதி, பின்னாலேயே அதை மேற்கோள் இல்லாமல் எழுதினால், பொய்யான வாக்கியம் கிடைக்கும்.

“இந்த”, “நான்” எதுவும் இதில் இல்லை. ஒரு தொடரைக் கொடுத்து, அதை இப்படி இப்படி எழுது என்று ஒரு செய்முறை சொல்கிறது. அந்தச் செய்முறையை அப்படியே செய்து பார்த்தால் கிடைப்பது நீங்கள் இப்போது படித்த அதே வாக்கியம். ஆக அது தன்னைத்தான் பொய் என்கிறது. ஒரே தொடர் இரண்டு முறை வருகிறது: ஒரு முறை பேசப்படும் பொருளாக, மேற்கோளுக்குள், இன்னொரு முறை பேசும் கருவியாக, மேற்கோளுக்கு வெளியே. தன் நிரல் முழுவதையும் தானே அச்சிடும் கணினி நிரல்கள் இந்த உத்தியில்தான் வேலை செய்கின்றன. தர்க்கவியலாளர் கோடெலின் புகழ்பெற்ற தேற்றத்துக்குள்ளும் இதேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் எழும். “பொய்” என்ற மறுப்புச் சொல்தான் விஷமோ? எனக்கு இந்த வகையில் மிகப் பிடித்த புதிர் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது. ஹாஸ்கல் கரி 1942-இல் வெளியிட்டது. வாக்கியம் இது: “இந்த வாக்கியம் உண்மையானால், இரண்டும் இரண்டும் ஐந்து.” மறுப்பு எங்கேயும் இல்லை. இது உண்மை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது சொல்வது பொருந்தும்: அது உண்மையானால் இரண்டும் இரண்டும் ஐந்து. உண்மை என்றுதான் வைத்துக்கொண்டோம். எனவே இரண்டும் இரண்டும் ஐந்து. இதுவரை நாம் காட்டியது என்ன? “அது உண்மையானால், இரண்டும் இரண்டும் ஐந்து” என்பதை. ஆனால் அந்த வாக்கியமே அதுதானே! ஆக அதை நிரூபித்துவிட்டோம், அது உண்மை, எனவே இரண்டும் இரண்டும் ஐந்து. ஐந்துக்குப் பதில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், எதையும் நிரூபித்துவிடலாம். பயன்படுத்திய படிகள் எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கில் தினமும் பயன்படும் படிகள். எந்தப் படியைக் குறை சொல்வது என்று யோசித்தால்தான் புதிர் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்பது தெரியும்.

இதெல்லாம் மொழியின் சங்கடம், கணிதத்துக்குச் சம்பந்தமில்லை என்று 1900 வரை சொல்லியிருக்கலாம். 1901-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கணக் கோட்பாட்டுக்குள்ளேயே இதைக் கண்டுபிடித்தார். கணம் என்பது பொருள்களின் தொகுப்பு, அந்தப் பொருள்கள் அதன் உறுப்புகள். சில கணங்கள் தமக்குத் தாமே உறுப்பாக இல்லை. எண்களின் கணம் ஓர் எண் இல்லை அல்லவா? “தனக்குத் தானே உறுப்பாக இல்லாத கணங்கள் அனைத்தும்” சேர்ந்து ஒரு கணம் என்று எடுத்துக்கொள்வோம். அது தனக்கு உறுப்பா? உறுப்பு என்றால் இல்லை, இல்லை என்றால் உறுப்பு.

1902 ஜூன் 16 அன்று ரஸ்ஸல் இதைக் காட்லோப் ஃப்ரேகேவுக்குக் கடிதமாக எழுதினார். எண் கணிதம் முழுவதையும் தர்க்கத்திலிருந்தே எழுப்பிவிடலாம் என்பது ஃப்ரேகேயின் வாழ்நாள் முயற்சி. அவருடைய நூலின் முதல் பாகம் 1893-இல் வந்திருந்தது. இரண்டாம் பாகம் அச்சில் இருந்தது. ஆறே நாளில், ஜூன் 22 அன்று, ஃப்ரேகே பதில் எழுதினார்: தன் நூலின் அடிப்படை விதிகளுள் ஐந்தாவது சரியில்லை, கட்டடத்தின் அடித்தளமே ஆடுகிறது என்று ஒப்புக்கொண்டார். 1903-இல் வெளிவந்த அந்தப் பாகத்தின் பின்னிணைப்பில் இந்தப் புதிரைத் தானே விளக்கி அச்சிட்டார். அறிவு நேர்மைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ரஸ்ஸலின் கணம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். கணங்களின் அளவுகளை ஒப்பிட 1891-இல் கேயார்க் கான்டோர் வெளியிட்ட மூலைவிட்ட முறையை ஆராய்ந்தபோதுதான் அது ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. அந்த முறையைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஒன்றும் பூஜ்யமுமான முடிவற்ற வரிசைகள் எல்லாவற்றையும் ஒருவர் பட்டியல் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்:

முதல் வரிசை: 1 0 0 1 …
இரண்டாம் வரிசை: 1 1 0 1 …
மூன்றாம் வரிசை: 0 1 0 0 …
நான்காம் வரிசை: 1 1 1 1 …

முதல் வரிசையில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாவது என்று மூலைவிட்டமாக இறங்குங்கள்: 1, 1, 0, 1. ஒவ்வொன்றையும் மாற்றிப் போடுங்கள்: 0, 0, 1, 0. இப்படியே போகும் புதிய வரிசை முதல் வரிசையிலிருந்து முதல் இடத்தில் மாறுபடும், இரண்டாவதிலிருந்து இரண்டாம் இடத்தில் மாறுபடும். எனவே பட்டியலில் எங்கும் அது இருக்க முடியாது. பட்டியல் எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்காத ஒன்றை அந்தப் பட்டியலே நமக்குச் செய்து தருகிறது.

இப்போது வரிசைகளுக்குக் கணங்களின் பெயர், மேலிருந்து கீழாக இறங்கும் பத்திகளுக்கும் அதே கணங்களின் பெயர் கொடுங்கள். பத்தியில் இருப்பது வரிசையில் இருக்கும் கணத்தின் உறுப்பு என்றால் 1, இல்லையென்றால் 0. மூலைவிட்டத்தில் வருவது “இது தனக்கு உறுப்பா?” என்ற கேள்விக்கான பதில். அதை மாற்றிப் போட்டால் கிடைப்பது ரஸ்ஸலின் கணம்! கான்டோரின் வரிசைக்கு “நான் பட்டியலில் இல்லை” என்று தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. ரஸ்ஸலின் பட்டியலில் எல்லாக் கணங்களும் ஏற்கெனவே இருப்பதாக நாம் சொல்லிவிட்டதால் தப்பிக்க இடமில்லை. என் பார்வையில் இந்தப் புதிர்கள் அனைத்துக்கும் உயிர்நாடி இதுதான். தன்னைச் சுட்டுவது மட்டும் சிக்கலை உண்டாக்காது. “எல்லாமே இதற்குள் அடங்கிவிட்டது” என்ற உரிமை கோரலும் அதோடு சேரும்போதுதான் வெடிக்கிறது.

ரஸ்ஸல் புதிரை எளிமையாகச் சொல்ல, தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளாதவர்களுக்கு மட்டும், அவர்கள் எல்லோருக்கும், சவரம் செய்யும் ஊர்க்காரர் கதை வழக்கமாக வரும். அந்தக் கதை புதிரின் கூர்மையை மழுக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அப்படி ஒரு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாகப் போகலாம். கணத்தில் அப்படிப் போக முடியாததற்குக் காரணம், எந்தப் பண்பைச் சொன்னாலும் அதற்குரிய கணம் உண்டு என்பதை எல்லோரும் சர்வசாதாரணமாக ஏற்றிருந்ததுதான். கைவிட வேண்டியிருந்தது அந்த நம்பிக்கையை. 1908-இல் எர்ன்ஸ்ட் ட்செர்மெலோ அதைத்தான் செய்தார்: ஏற்கெனவே கையில் உள்ள ஒரு கணத்திலிருந்து ஒரு பண்பை வைத்து உறுப்புகளைப் பிரித்தெடுக்கலாம், வெறுங்கையால் பிரபஞ்சம் முழுவதிலிருந்தும் அள்ள முடியாது. இதன்பின் ரஸ்ஸலின் வாதம், எல்லாக் கணங்களையும் உறுப்பாகக் கொண்ட ஒரு கணம் கிடையாது என்ற அமைதியான தேற்றமாக மாறிவிட்டது. அதே ஆண்டு ரஸ்ஸல் வேறு வழி பிடித்தார். பொருள்களை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே உள்ளவற்றைப் பற்றி மட்டும் பேசலாம் என்றார். நீங்கள் கேட்ட தடை விதிக்கு மிக நெருங்கியது இதுதான். ஒயிட்ஹெட்டுடன் சேர்ந்து 1910 முதல் 1913 வரை மூன்று பாகங்களாக அவர் வெளியிட்ட பெருநூல் இந்த அடுக்குகளின் மேல் நிற்கிறது.

அந்தத் தடை உள்ளிருந்தே தோற்றுப்போனதுதான் அடுத்த கட்டம். 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பர்க் நகரில் ஒரு மாநாடு. 7-ஆம் தேதி நடந்த ஒரு கலந்துரையாடலில் 24 வயது குர்ட் கோடெல் தன் முடிவைச் சில வாக்கியங்களில் சொன்னார். மறுநாள் அதே நகரில் ஜெர்மன் கணிதவியலாளர் டாவிட் ஹில்பர்ட், எந்தக் கணிதக் கேள்விக்கும் விடை காணலாம் என்ற நம்பிக்கையில், “நாம் அறிந்தே ஆக வேண்டும், அறிவோம்” என்று முழங்கிய உரையை நிகழ்த்தினார். கோடெலின் கட்டுரை 1931-இல் அச்சானது.

அவர் செய்த முதல் காரியம், வாக்கியங்களை எண்களாக்கியது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுப்போம். ஒரு தொடரில் உள்ள குறிகளின் எண்கள் 3, 5, 1 என்றால், பகா எண்களை வரிசையாக எடுத்து, 2-இன் மூன்றாம் அடுக்கு, 3-இன் ஐந்தாம் அடுக்கு, 5-இன் முதல் அடுக்கு ஆகியவற்றைப் பெருக்குவோம்: 8 × 243 × 5 = 9720. இனி 9720 என்பதே அந்தத் தொடர். ஐயம் வந்தால் பகாக் காரணிகளாகப் பிரித்து 3, 5, 1 என்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிரூபணம் என்பதும் தொடர்களின் வரிசைதான், அதற்கும் ஓர் எண் உண்டு. ஆக “இந்த எண்ணுடைய நிரூபணம் அந்த எண்ணுடைய வாக்கியத்தை நிரூபிக்கிறது” என்பது வகுத்தல், பெருக்கல் பற்றிய கூற்றாகிவிடுகிறது. எண்களைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்த மொழி, தான் அறியாமலே தன் வாக்கியங்களைப் பற்றிப் பேசுகிறது. அடுக்குகளைக் காவல் வைத்தவர்கள் தன்னைச் சுட்டும் கணங்களைத் தடுத்தார்கள். எண்களைத் தடுக்க யாராலும் முடியாது.

சில அடிப்படைக் கூற்றுகளும் நிரூபண விதிகளும் சேர்ந்ததை அமைப்பு என்போம். மேலே பார்த்த மேற்கோள் உத்தியை இங்கே பயன்படுத்தி, “இந்த வாக்கியத்துக்கு இந்த அமைப்பில் நிரூபணம் கிடையாது” என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தைக் கோடெல் கட்டினார். யூபுலிடீஸின் வாக்கியத்தில் “பொய்” இருந்த இடத்தில் “நிரூபணம் இல்லாதது” வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு சொல் மாற்றத்தில் முரண்பாடு மறைந்து தேற்றம் பிறக்கிறது. அந்த வாக்கியத்தை அமைப்பு நிரூபித்துவிட்டால், நிரூபணம் கண்ணெதிரே இருக்கிறது. வாக்கியத்தின் மறுப்பையும் அதே அமைப்பு காட்டிவிடும். அமைப்பு முரண்பட்டுப் போகும். எனவே அமைப்பு முரணற்றது என்றால் நிரூபணம் கிடையாது. கிடையாது என்பதைத்தான் வாக்கியமும் சொல்கிறது. ஆகவே அது உண்மை. வாக்கியத்தின் மறுப்பையும் நிரூபிக்க முடியாது என்று காட்டக் கோடெலுக்குச் சற்றுக் கூடுதலான நிபந்தனை தேவைப்பட்டது. பார்க்லி ராஸர் 1936-இல் வாக்கியத்தை மாற்றியமைத்து அந்த நிபந்தனையை நீக்கினார். கோடெலின் இரண்டாம் தேற்றம், இப்படிப்பட்ட முரணற்ற அமைப்பு தன் முரணின்மையைத் தானே நிரூபிக்க முடியாது என்கிறது.

அதே எந்திரத்தில் “நிரூபணம்” என்ற இடத்தில் “உண்மை” என்பதை வைக்க முயன்றால் என்ன ஆகும்? யூபுலிடீஸ் அப்படியே எண் கணிதத்துக்குள் வந்துவிடுவார். அது நடக்க முடியாது. எனவே எண் கணிதத்தின் மொழியில் “உண்மை” என்பதை வரையறுக்கவே முடியாது. இதைச் சொன்னவர் தர்க்கவியலாளர் ஆல்ஃப்ரெட் டார்ஸ்கி. ஆலன் டூரிங்கின் 1936 கட்டுரையும் இதே குடும்பம். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, முடிவில்லாமல் ஓடுமா என்று சொல்லும் சோதனை நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு ஒரு குறும்பு நிரல் எழுதலாம்: கொடுக்கப்பட்ட நிரலுக்கு அதே நிரலையே உள்ளீடாகத் தந்தால் நிற்கும் என்று சோதனை சொன்னால், இது ஓடிக்கொண்டே இருக்கும்; நிற்காது என்று சோதனை சொன்னால், இது நின்றுவிடும். குறும்பு நிரலுக்குக் குறும்பு நிரலையே கொடுத்துப் பாருங்கள், சோதனை நிரல் எதைச் சொன்னாலும் தப்பாகும். இதுவும் மூலைவிட்டத்தை மாற்றிப் போடும் வேலைதான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கோடெலின் பெயரில் நிறைய தப்பாகப் பரவுகிறது. “கணிதத்தில் எதுவும் நிச்சயமில்லை” என்று அவர் காட்டவில்லை. அவருடைய தேற்றமே ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் உடையது. எல்லா அமைப்புகளுக்கும் அது பொருந்தவும் பொருந்தாது: கூட்டல் மட்டும் உள்ள இயல் எண் கணிதம் முழுமையானது, எந்தக் கேள்விக்கும் முறைப்படி பதில் காணலாம் என்று மோய்ஷெஷ் பிரெஸ்பர்கர் 1929-இலேயே காட்டியிருந்தார். பெருக்கலும் சேரும்போதுதான் வாக்கியங்களை எண்ணாக்கும் வலிமை வருகிறது. நிரூபிக்க முடியாதவை எல்லாம் செயற்கையாகச் செய்த வாக்கியங்கள் என்பதும் சரியில்லை. 1977-இல் ஜெஃப் பாரிஸ், லியோ ஹாரிங்டன் என்ற இருவரும், பொருள்களைச் சேர்க்கும் வழிகளை ஆராயும் சேர்ப்பியலில் இயல்பாக எழும் ஓர் உண்மையை எடுத்து, பியானோவின் எண் கணிதத்தில் (கூட்டலுக்கும் பெருக்கலுக்குமான வழக்கமான அடிப்படை விதிகளின் அமைப்பில்) அதற்கு நிரூபணம் இல்லை என்று காட்டினார்கள். அந்த வாக்கியம் தன்னைப் பற்றி எதுவும் பேசுவதில்லை.

கடைசியாக ஒன்று. “இந்த வாக்கியம் பொய்” என்பதற்கு எதிர்ப்பக்கம் “இந்த வாக்கியம் உண்மை” என்பது. அதை உண்மை என்றாலும் பொருந்தும், பொய் என்றாலும் பொருந்தும். தீர்மானிக்க எதுவுமே இல்லை. கோடெலின் எந்திரத்தில் இதற்கு இணையானது “இந்த வாக்கியத்துக்கு இந்த அமைப்பில் நிரூபணம் உண்டு” என்பது. இதுவும் அந்தரத்தில் தொங்குமா என்று லியோன் ஹென்கின் 1952-இல் கேட்டார். தொங்காது என்று 1955-இல் மார்ட்டின் லோப் காட்டினார்: அந்த வாக்கியத்துக்கு உண்மையிலேயே நிரூபணம் உண்டு, எனவே அது உண்மை. அவர் பயன்படுத்திய வாதம், மேலே இரண்டும் இரண்டும் ஐந்து என்று நிரூபித்த கரியின் வாதமேதான். “உண்மை” என்ற சொல் வந்த இடங்களில் “நிரூபணம் உடையது” என்று வைத்திருக்கிறார். கரியின் வாதத்தை ஒரு தாளில் படிப்படியாக எழுதி, இந்த மாற்றத்தைச் செய்து பாருங்கள். ஒரே ஒரு படி மட்டும் தானாக நகராது: “நிரூபணம் உண்டு” என்பதிலிருந்து “ஆகவே அது அப்படியே” என்று இறங்கும் படி. கரியின் வாதம் அந்தப் படியை எல்லா வாக்கியங்களுக்கும் இலவசமாக எடுத்துக்கொள்கிறது. லோப் அதை எந்த வாக்கியத்துக்கு அமைப்பே உறுதி செய்கிறதோ அதற்கு மட்டும் எடுத்துக்கொள்கிறார்.